கும்பகோணம் முதல் வேதாரண்யம் வரை: தனிச் சைக்கிள் பயணத்தின் ஒரு நாள், செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

பல நாள் நீளும் தனிச் சைக்கிள் பயணத்தில் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்பது டெல்டாவில் யாருக்கும் எட்டக்கூடிய தூரம்தான். விடியலில் கும்பகோணத்தை விட்டு, வலங்கைமான், ஆலங்குடி, நீடாமங்கலம், மன்னார்குடி, கோட்டூர், திருத்துறைப்பூண்டி வழியாகப் பொழுது சாயுமுன் வேதாரண்யம் சேர்ந்துவிடலாம். ஆற்றுப் பாலங்களைத் தவிர ஏற்றம் என்று எதுவும் கிடையாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்தப் பாதையையும் தை, மாசி மாதங்களையும் மனதில் வைத்து எழுதியது. வேறு பாதையில் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1930 ஏப்ரலில் ராஜாஜியும் உப்பு சத்தியாகிரகத் தொண்டர்கள் சுமார் 100 பேரும் இந்தப் பக்கமாகத்தான் நடந்தார்கள். 13-ஆம் தேதி திருச்சியில் கிளம்பி 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள், தங்க இடம் கொடுக்கிறவர்கள் மீது வழக்குப் பாயும் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வழியில் போகிறவரைப் பட்டினி போடாத வழக்கம் இந்த ஊர்களில் இன்றும் இருக்கிறது. தனியாகச் சைக்கிளில் போகிறவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இங்கே சாமான்களைப் பற்றிக் குறைவாகவும், வழியில் இருக்கிறவர்களிடம் நடந்துகொள்ளும் விதம் பற்றி அதிகமாகவும் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

இருக்கிற சைக்கிளையே சரிபார்த்து எடுத்துப் போங்கள். கியர் இல்லாத அட்லஸோ ஹெர்குலிஸோ இந்தப் பாதைக்குப் போதும். சில நாள் முன்னதாகவே கடையில் விட்டு ஓவராயில் செய்து, ரிம்மில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையை மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட்டின் உயரம் அதுதான். அதைவிடத் தாழ்வாக இருந்தால் மதியத்துக்குள் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

வால்வு எந்த வகை என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள். விலை கூடிய சைக்கிள்களில் மெல்லிய பிரெஸ்டா வால்வு வருகிறது. ஊர்ச் சைக்கிள் கடையின் பம்பு அதற்குப் பொருந்தாது; பெட்ரோல் பங்க்கின் காற்றுக் குழாயும் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் பங்க்கில் காற்றுப் பிடித்துக்கொள்ளலாம். அது சட்டைப் பையில் இருக்கட்டும், மூட்டைக்குள் வேண்டாம். மெல்லிய டயர் சைக்கிள்காரர்கள் இரண்டு டியூப் கையோடு கொண்டுபோக வேண்டும்; சிறிய ஊர்களில் அந்த அளவு கிடைப்பது அரிது. சாதாரணச் சைக்கிளுக்கு அந்தக் கவலை இல்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள்கள் ஊருக்கு ஊர் ஓடுவதால், அவற்றின் டயரும் டியூபும் செயினும் எந்தக் கடைவீதியிலும் தொங்கும்.

சுமையை முதுகில் மாட்டாதீர்கள். எல்லாம் கேரியரில் இருக்கட்டும். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து இறுக்கிக் கட்டினால் எந்தக் குழியிலும் அவிழாது. பால்காரர்கள் காலங்காலமாகக் கேன்களை அப்படித்தான் கட்டுகிறார்கள்.

வியாழக்கிழமையைத் தவிருங்கள். ஆலங்குடி குரு ஸ்தலம். அன்றைக்கு விடிகாலையிலிருந்தே கார்களும் வேன்களும் அந்தச் சாலையில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். குருப்பெயர்ச்சி சமயம் என்றால் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் ஒருவரிடம் ஊர்ப் பட்டியலையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நீடாமங்கலம் எட்டு மணி, மன்னார்குடி ஒன்பதரை, திருத்துறைப்பூண்டி பன்னிரண்டு, வேதாரண்யம் ஆறு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு குறுஞ்செய்தி போதும். யாருக்கும் சொல்லாமல் போவதுதான் சுதந்திரம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செய்தி வராவிட்டால் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில் தேடுவது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

விடியலிலிருந்து நீடாமங்கலம் வரை

காப்பியைக் கும்பகோணத்தில் குடியுங்கள், பலகாரத்தை நீடாமங்கலத்துக்கு வையுங்கள். வெறும் வயிற்றிலும் ஓட்ட முடியாது, நிறைந்த வயிற்றிலும் ஓட்ட முடியாது. கிளம்பும்போது இரண்டு பூவன் பழம் போதும்.

பனி விலகாமல் வேகம் எடுக்காதீர்கள். தை, மாசியில் வயல்வெளியில் பனி மூட்டம் சாலைக்கு ஏறி வரும். சிவப்பு மினுக்கு விளக்கு பின்னால் எரிய வேண்டும். சட்டை வெளிர் நிறத்தில் இருக்கட்டும். தலைக்கவசம் கட்டாயம். அறுவடை மெஷினை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகள் இந்த நேரத்தில்தான் இடம் மாறும். மெஷினின் முன்பகுதி வண்டியைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிரில் வருவது அதுதான் என்று தெரிந்தால் ஓட்டிக்கொண்டே ஒதுங்கப் பார்க்காமல் இறங்கி நின்றுவிடுங்கள்.

எதிரே ஒரு பஸ்ஸை இன்னொரு பஸ் முந்திக்கொண்டு வந்தால், உங்கள் பக்கம் உங்களுக்குத்தான் என்று வாதாடாதீர்கள். மண்ணில் இறங்கிவிடுங்கள். ஆனால் இறங்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். தார் மேல் தார் போட்டு உயர்த்திய சாலைகளில் ஓரம் அரை அடி வரைக்கும் பள்ளமாக இருக்கும். ஓட்டத்திலேயே அதில் இறங்கினால் முன்சக்கரம் ஒடிந்து திரும்பும்; மறுபடி ஏறப் பார்த்தால் சைக்கிள் சாலைக்குள்ளேயே சாயும், அதுவும் பஸ்ஸின் பக்கமாக. ஓரத்தை ஒட்டியே ஓட்டுவது பத்திரம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். தார் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே ஓட்டினால்தான் ஒதுங்குவதற்கு உங்களுக்கும் இடம் இருக்கும், பின்னால் வருகிறவர்களும் உங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முந்துவார்கள்.

சாலையில் எந்த வகை வண்டி வரும் என்பதை மைல்கல்லே சொல்லிவிடும். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, லாரிகள் அதிகம். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, பஸ்கள் அதிகம். எவ்வளவு தூரம் என்று ஆட்களைக் கேட்டால் “இதோ பக்கத்துலதான்” என்ற பதில் அன்பினால் வருவது. தூரத்துக்குக் கல்லைப் பாருங்கள், வழிக்கு ஆளைக் கேளுங்கள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் குனிந்து நுழையாதீர்கள். காத்திருப்புக்குப் பேர்போன கேட் அது. திருவாரூர் தடமும் மன்னார்குடிக்குப் பிரியும் தடமும் சந்திக்கும் ஊர் என்பதால் ஒரு வண்டி போனதும் திறந்துவிடும் என்று சொல்ல முடியாது. சைக்கிளைச் சாய்த்துக் கொடுத்தால் போய்விடலாம் என்று உள்ளூர்க்காரர்கள் வழி காட்டுவார்கள். கேரியரில் மூட்டையோடு தண்டவாளத்தில் சிக்கிக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் இட்லி சாப்பிட்டுவிடுங்கள்.

மூணாறு தலைப்பைப் பார்க்காமல் போகாதீர்கள். ஆனால் தண்ணீரில் இறங்காதீர்கள். நீடாமங்கலம் பக்கத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு மூன்றாகப் பிரியும் இடம் அது. நீங்கள் இனிமேல் நாள் முழுக்கப் பார்க்கப்போகும் வயல்களில் பாதிக்குத் தண்ணீர் அங்கே பங்கு பிரிகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும் என்பதால் மாசியில் ஆறு மெலிந்திருக்கும். அப்போதும் மதகடியில் பள்ளமும் சுழலும் இருக்கும். துணைக்கு ஆள் இல்லாதவர் கரையிலேயே நிற்பதுதான் சரி.

நெல் காயும் சாலை

இந்த மாதங்களில் சைக்கிள்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். சம்பா அறுப்பு முடிந்ததும் களம் போதாமல் சாலையில் நெல்லைக் கொட்டிக் காய வைப்பார்கள். சாலையின் ஒரு பாதி முழுக்க, சில இடங்களில் ஒரு ஃபர்லாங் தூரத்துக்கு நெல் விரிந்து கிடக்கும். வண்டிகள் ஏறாமல் இருக்க விளிம்பில் கல்லும் செங்கலும் வரிசையாக வைத்திருப்பார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் நெல்லை எடுப்பார்கள். அளவைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அங்கேயே போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டின் அரை வருட உழைப்பு அந்தத் தார் ரோட்டில் கிடக்கிறது.

நெல்லின் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். மணி உருண்டு சக்கரம் வழுக்கும் என்பது ஒரு காரணம். உங்கள் டயரில் ஒட்டிய மண் நெல்லில் கலக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். எதிரே வண்டி வந்து வேறு வழி இல்லையென்றால் இறங்கி, விளிம்புக்கு வெளியே உருட்டிக்கொண்டு போங்கள். நெல்லில் கால் வைக்கத்தான் வேண்டும் என்றால் செருப்பைக் கழற்றுங்கள். களத்தில் குவித்திருக்கும் நெல்லின் பக்கம் செருப்போடு போவதை இங்கே யாரும் விரும்ப மாட்டார்கள்.

கோட்டூர்ப் பக்கம் ஓர் அம்மா, புடவையை முழங்காலுக்குக் கீழே செருகிக்கொண்டு, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நடந்த இடமெல்லாம் ஏர் ஓட்டியதுபோல் வரிவரியாக விழுந்தது. ஓரமாக உருட்டிப் போன என்னைப் பார்த்து, “ஏறிப் போயிருவீங்கன்னுதான் தம்பி நெனச்சேன். வாங்க, செத்த நெழல்ல நின்னுட்டுப் போங்க” என்றார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அண்ணாந்து குடித்துவிட்டு, “எத்தனை நாள் காயணும் பெரியம்மா?” என்று கேட்டேன். “வெயிலைக் கேக்கணும் தம்பி. நேத்து ராத்திரி பனி, திரும்ப ஈரம் ஏறிப்போச்சு” என்றார். அந்தச் சாலையைப் பற்றி அதைவிட நல்ல தகவலை எந்த வரைபடமும் எனக்குக் கொடுத்ததில்லை.

உளுந்துச் செடி கிடந்தால் இறங்கிவிடுங்கள். நெல் அறுத்த தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனி வாக்கில் அறுப்புக்கு வரும். வண்டிகள் ஏறி நெற்று உடையட்டும் என்று கொடியோடு சாலையில் போடுவார்கள். இதில் ஏறினால் தப்பில்லை, ஏறத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் காய்ந்த கொடி செயினிலும் ப்ரீவீலிலும் சுற்றிக்கொண்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கியர் சைக்கிளில் பின்பக்கக் கியர் கொக்கியே முறிந்துவிடும்.

கொள்முதல் நிலையங்களின் வாசலில் மெதுவாகப் போங்கள். லாரிகளும் டிராக்டர்களும் சாலை வரைக்கும் நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவிலிருந்து மூட்டை தூக்குகிறவர் தலையில் சுமையோடு வெளியே வருவார். அவரால் பக்கவாட்டில் பார்க்க முடியாது. மணியடித்து அவரைத் திடுக்கிட வைக்காமல் நின்று வழிவிடுங்கள்.

மன்னார்குடி

திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அந்த வரிசையில் இரண்டு ஊர் உங்கள் ஒரே நாளில் வருகிறது. ராஜகோபால சுவாமி கோயில் மதிலை ஒருமுறையாவது சைக்கிளை உருட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஹரித்ரா நதி என்று சொல்லும் தெப்பக்குளத்தின் படியில் கால் நீட்டி உட்காருங்கள். 23 ஏக்கர் என்பார்கள், குளக்காற்று சட்டை வியர்வையைக் காய வைத்துவிடும்.

கிலோமீட்டர் கணக்குக்காக ஊர்களைத் தாண்டி ஓடாதீர்கள். புறவழிச்சாலை இருந்தாலும் கடைவீதிக்குள் போங்கள். சின்ன ஊரின் கடைவீதியில்தான் சைக்கிள் கடை, மருந்துக் கடை, ஏடிஎம், கழிப்பறை, பேச்சுத்துணை எல்லாம் இருக்கிறது. மன்னார்குடியில் பணம் எடுத்துச் சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். டீக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்கத்தான் செய்கிறது, ஆனால் கோட்டூர் தாண்டினால் டவர் விட்டுவிட்டு வரும். பத்து ரூபாய் டீக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிக் கடைக்காரரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பெண்கள் தனியாகப் போகும்போது கழிப்பறைதான் பெரிய பிரச்சினை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறையும் குடிநீரும் காற்றும் வாடிக்கையாளர் அல்லாதவருக்கும் கொடுக்க வேண்டியவை. தயங்காமல் சாவி கேளுங்கள்.

பஞ்சர்

முள்ளைத் தேடாமல் டியூபை மாற்றாதீர்கள். புது டியூபைப் போட்டுவிட்டு அரை கிலோமீட்டருக்குள் மறுபடி காற்று இறங்கி நிற்பவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். ஊர்க் கடைக்காரர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். டியூபுக்குக் காற்றடித்து, தண்ணீர் நிரம்பிய பழைய அலுமினியச் சட்டியில் பகுதி பகுதியாக அமிழ்த்துவார். குமிழி வரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு அடையாளம் போடுவார். ஒட்டைப் போட்டுவிட்டு உடனே டியூபை மாட்டிவிட மாட்டார். டயரின் உள்பக்கம் முழுக்க விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள்ளே சீமைக்கருவேல முள்ளின் முனை கடுகளவு நீட்டிக்கொண்டிருக்கும். ஊசியால் குத்தி வெளியே தள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகு நீங்களும் டயரைத் தடவாமல் டியூப் போட மாட்டீர்கள்.

சொல்யூஷன் தடவியதும் ஒட்டை ஒட்டாதீர்கள். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும்.

கூலியில் பேரம் பேசாதீர்கள். “எவ்வளவு அண்ணே?” என்று கேளுங்கள், சொன்னதைக் கொடுங்கள். தூரத்திலிருந்து வருகிறீர்கள் என்று தெரிந்து காசு வேண்டாம் என்பவர்களும் உண்டு. அப்போது ஒரு வால்டியூபோ பிரேக் கட்டையோ விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டியில் மதியம்

பன்னிரண்டு மணிக்கு நிறுத்துங்கள், இரண்டரைக்கு மேல் கிளம்புங்கள். மாசி வெயில் காலையில் இதமாக இருந்து ஏமாற்றும். தலை வலித்து, வியர்வை நின்று, உடம்பு சில்லிடுவதுபோல் இருந்தால் அதற்கு மேல் ஒரு பெடல்கூட மிதிக்கக்கூடாது. நிழலில் படுத்து, துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு 108-க்குச் சொல்லச் சொல்லுங்கள்.

அளவுச் சாப்பாடு போதும். சோறு, ரசம், மோர். பிரியாணியும் பரோட்டாவும் ராத்திரிக்கு இருக்கட்டும். மோரில் உப்பைக் கூடவே போட்டுக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதன் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் குடியுங்கள். பாதிப் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் தவறு.

மேற்கொண்டு போவதா என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள். வேதாரண்யம் இன்னும் 35 கிலோமீட்டர். நடுவில் விடுதி கிடையாது. மூன்று மணிக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் திருத்துறைப்பூண்டியில் அறை எடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. மறுநாள் காலை அந்த 35 கிலோமீட்டரை வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.

கேட்பவர்களுக்குப் பதில்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கேள்விகள் ஆரம்பிக்கும். எங்கேயிருந்து வர்றீங்க, எங்கே போறீங்க, பந்தயமா, வேண்டுதலா, வேளாங்கண்ணிக்கா, யாராவது காசு கொடுக்குறாங்களா, கல்யாணம் ஆயிருச்சா, ஏன் தனியா.

அலுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அது அன்றைக்குப் பலமுறை கேட்ட கேள்வி, கேட்கிறவருக்கு முதல்முறை. உங்களை நிறுத்திவைத்து ஊரும் பேரும் தெரிந்துகொள்வதுதான் அவர் உங்களுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளும் விதம். அடுத்த கிராமத்தில் அவருடைய மச்சானோ சித்தப்பாவோ இருப்பார். “ராத்திரி ஆயிருச்சுன்னா அங்க நின்னுக்குங்க” என்பார். பதிலுக்கு நீங்களும் கேளுங்கள்: இந்த வருடம் விளைச்சல் எப்படி, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா. கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

பொய் சொல்லாதீர்கள். வேண்டுதல் என்று சொன்னால் மரியாதை கூடும், காசு வாங்க மறுப்பார்கள். அடுத்து உண்மையாகவே வேண்டுதலுக்கு நடந்து வருகிறவரை அவர்கள் சந்தேகத்தோடு பார்க்கும்படி ஆகிவிடும். “ஊரெல்லாம் பார்க்கணும்னு ஆசை, அதான்” என்பது போதுமான பதில். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மழுப்பலாம்: இரவு எந்த விடுதியில், எந்த அறையில் தங்குகிறீர்கள் என்பதைப் பலர் கூடிய இடத்தில் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

வீட்டில் சோறு போட்டால் காசை நீட்டாதீர்கள். அது அவர்களைப் புண்படுத்தும். சாப்பிட்ட இலையை நீங்களே எடுங்கள். நடுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். கேட்டுப் பிடித்தால், அனுப்பி வைக்கிறேன் என்று சொன்னால், ஊர் போனதும் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்ப முடியாது என்றால் சொல்லாதீர்கள்.

கடைசி 35 கிலோமீட்டர்

தண்ணீர் பாட்டில்களைத் திருத்துறைப்பூண்டியிலேயே நிரப்புங்கள். கடலை நெருங்க நெருங்க அடிபம்புத் தண்ணீர் உவர்க்கும். குடிதண்ணீர்க் குழாயில் வரும் நேரம்தான் அங்கே பெண்களின் நாளை நிர்ணயிக்கிறது. நிரப்பி வைத்த குடத்திலிருந்து உங்களுக்குக் கொடுக்க அவர்கள் தயங்க மாட்டார்கள் என்பதாலேயே கேட்காமல் இருப்பது நல்லது.

நிழலை நம்பாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையைத் தாண்டியபோது இந்தப் பக்கத்துத் தென்னையும் மாவும் லட்சக்கணக்கில் சாய்ந்தன. ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், தேத்தாக்குடி என்று தோப்பும் துரவுமாக இருந்த ஊர்கள் திரும்ப மரம் வளர்த்துக்கொண்டிருக்கின்றன. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கடைசி வரை வேண்டும். யாராவது தோப்பைக் காட்டிப் புயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கேளுங்கள்.

காற்றுக்கு எதிராக மல்லுக்கட்டாதீர்கள். மாலையில் கடல்காற்று இடது பக்கத்திலிருந்து தள்ளும். குனிந்து, மெதுவாக, ஒரே சீராக மிதியுங்கள். இதே பாதையை எதிர்த்திசையில் ஆடி மாதம் திட்டமிடாதீர்கள். அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்ன மேல்காற்று முகத்திலேயே அடிக்கும்.

நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அதட்டி, நடந்து போங்கள். பெரும்பாலும் அதன் தெரு முடிந்ததும் நின்றுவிடும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். பயணம் அத்தோடு நின்றாலும் பரவாயில்லை.

ஆறரைக்கு மேல் சாலையில் இருக்காதீர்கள். ஆடு மாடு வீடு திரும்பும் நேரம். விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் சாலையிலேயே நின்றுகொண்டிருக்கும்.

வேதாரண்யம்

முதலில் அறை, பிறகு கோயில். களைப்போடு உட்கார்ந்துவிட்டால் எழுந்து இடம் தேட மனம் வராது. சைக்கிளை அறைக்குள் வைக்க முடியுமா என்று சாவி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். குளித்துவிட்டு மறைக்காட்டுநாதரைப் பார்த்து வாருங்கள். அணையப்போன விளக்கின் திரியைத் தூண்டிவிட்ட எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது என்ற கதை இந்தக் கோயிலுக்கு உரியது. அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்த கதவு என்று சொல்வதும் இங்கேதான்.

மறுநாள் காலையை அகஸ்தியம்பள்ளிக்கு ஒதுக்குங்கள். ராஜாஜி 1930 ஏப்ரல் 30 அன்று உப்பை அள்ளிக் கைதான இடத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றிலும் உப்பளம். பாத்திக்கட்டுகளின் மேல் சைக்கிளை ஓட்டாதீர்கள். மிதித்துத் தட்டிக் கெட்டியாக்கிய வரப்பு அது. டயர் ஏறினால் விரிசல் விட்டு, விளைந்துகொண்டிருக்கும் உப்புநீர் அடுத்த பாத்திக்கு வடிந்துவிடும். அங்கிருந்து கோடியக்கரைச் சரணாலயம் கிட்டத்தில்தான், 1967-இல் அறிவித்தது. வெளிமானும் காட்டுக் குதிரையும் பார்க்கலாம், குளிர்காலத்தில் பூநாரை வரும். சைக்கிளை எதுவரை விடுவார்கள் என்று வாயிலில் இருக்கும் வனத்துறை ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேரியரில் திறந்த பையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் விட்டுவைக்காது.

உப்புக்காற்றில் ஓட்டிய சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்காதீர்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஈரத்துணியால் ரிம், போக்ஸ் கம்பி, ஹேண்டில்பார் எல்லாவற்றையும் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். மண்ணை இழுத்துப் பிசுக்காகும். தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மிஞ்சியதைத் துடைத்து எடுங்கள். டயரையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். முள் இருந்தால் ராத்திரியே எடுத்துவிடலாம்.